கிளிமஞ்சாரோ ஏற ஜவ்வாது மலைப் பயிற்சி போதுமா?

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டு மேட்டுப் பாதைகளில் மூச்சு வாங்காமல் ஏறி இறங்குபவருக்கு, ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மீதும் ஒரு கண் விழுவது இயல்பு. தான்சானியாவில் இருக்கும் அந்த மலையின் உச்சி 5,895 மீட்டர். வழக்கமான பாதைகளில் கயிறு கட்டி ஏறும் வேலை இல்லை; வழிகாட்டியோடு நடந்தே போய்விடலாம். ஆளைச் சாய்ப்பது அதன் உயரம்தான்.

கால் பழகும், மூச்சு பழகாது

பக்கத்துக் காவலூர் வானாய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மலைநோய் தலைகாட்டுவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல். கிளிமஞ்சாரோ உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. அதற்கு உடல் பழகச் சில நாட்களாவது வேண்டும். உடற்பயிற்சியால் அதை ஈடுகட்ட முடியாது. தெம்பு இருக்கிறதென்று விறுவிறுவென ஏறுபவர்களே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

இங்கே எதைப் பழகலாம்?

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஐந்தாறு கிலோ பையோடு, அங்கே போடப்போகும் அதே ஷூவில் நடங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முழங்கால் நோவதும், விரல் நுனி ஷூவில் இடித்து நகம் கறுப்பதும் இறங்கும்போதுதான். காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி பெற்றே போக வேண்டும்.

மருத்துவரிடம் பேச வேண்டியவை

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். பழங்குடி மக்கள் சிலரிடம் காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகை, உயரத்தில் ஆபத்தாகலாம். குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தால் மறைக்காதீர்கள். மலைநோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரை பற்றியும் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் கிடைக்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும்.

நாளைக் குறைக்காதீர்கள்

3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரே போய்த் தூங்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்து நாள் திட்டத்தில் அது நடக்காது. செலவு கூடினாலும் ஏழெட்டு நாள் திட்டமே நல்லது. மச்சாமே பாதையில், பகலில் 4,600 மீட்டர் வரை ஏறி, இரவு 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கித் தூங்குவார்கள். உடல் பழக இது உதவும்.

அசட்டை செய்யக் கூடாத அறிகுறிகள்

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி இருந்தால் மேலே ஏறாதீர்கள். குறையவில்லையென்றால் இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நுரையோடு இருமல், பேச்சில் குழறல் தெரிந்தால் நள்ளிரவானாலும் உடனே இறக்க வேண்டும். குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். இந்த நிலையில் நோயாளியைத் தனியே அனுப்பக் கூடாது.

பணம் கட்டும் முன்

ஆக்சிஜன் சிலிண்டரும் ஆக்சிமீட்டரும் கையில் இருக்குமா, ஒருவரைக் கீழே அழைத்துப் போக இன்னொரு வழிகாட்டி உண்டா என்று கேளுங்கள். காப்பீடு 5,895 மீட்டர் வரைக்கும் மீட்புச் செலவை ஏற்குமா என்பதையும் பாருங்கள். வழிகாட்டி திரும்பச் சொன்னால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவோம் என்று குழுவில் எல்லோரும் இங்கேயே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஆக்சிஜன் குறைந்த மூளையிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.