அளந்து விற்கும் நாம் அளக்காமல் வாங்கலாமா?

நமது கடைக்கு வரும் வாடிக்கையாளர் இரண்டு கிலோ உளுந்து கேட்டால், தராசைப் பார்க்காமல் நாம் கொடுப்பதில்லை. லாரியில் சரக்கு வந்தால் எடை போடாமல் மூட்டையை இறக்கிக்கொள்வதில்லை. அளவுதான் நமது தொழிலுக்கு ஆதாரம். அதே நாம் நம் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் போகும்போது அளவை மறந்துவிடுகிறோம். அப்படி நான் மறந்ததால் என் பேத்தி பட்ட துன்பத்தையும், பிறகு நான் கற்றுக்கொண்டதையும் சகோதர வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இரண்டு நம்பர் பெரிதாக

என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் மாலை வேளையில் ஸ்கேட்டிங் பயிற்சி நடக்கிறது, நானும் சேர்கிறேன் என்று கேட்டாள். "தாத்தா, ஷூ மட்டும் நீங்க வாங்கிக் கொடுங்க" என்றாள். நானும் குழந்தையை அழைத்துப் போகாமல், அவளது பள்ளிக்கூட ஷூவின் நம்பரை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். வளரும் பிள்ளை, இரண்டு வருஷமாவது வரட்டும் என்று இரண்டு நம்பர் பெரிதாகக் கேட்டேன். கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் கால் உள்ளே ஆடியது. முன்பக்கம் பஞ்சு வைத்து, இரண்டு சாக்ஸ் போட்டு அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஒரு திருப்பத்தில் ஷூ ஒரு பக்கம் போக, உள்ளே கால் வேறு பக்கம் போக, கணுக்கால் பிசகி விழுந்தாள். மூன்று வாரம் கட்டு. கட்டுப் போட்ட டாக்டர் அந்த ஷூவைக் கொண்டுவரச் சொல்லி, குதிகால் பக்கம் விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாக உள்ளே போயிற்று. "பிள்ளை மேல தப்பு இல்லீங்க. ஷூ வாங்கினவங்க மேலதான் தப்பு" என்றார். நாற்பது வருஷமாகத் தராசு பிடித்த எனக்கு, சொந்தப் பேத்திக்கே எடை குறைத்துக் கொடுத்தது போலிருந்தது.

கட்டு அவிழ்த்த பிறகும் அவள் அந்த ஷூவைத் தொடவில்லை. "கால் வலிக்கும் தாத்தா" என்பாள். என் மனதை உறுத்தியது அதுதான்.

பெரியமேட்டில் கற்ற பாடம்

சில மாதம் கழித்து, பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர் மூலமாக, ஷூ தைப்பதில் பழுத்த ஒரு பாயிடம் பேத்தியை அழைத்துப் போனேன். அவர் முதலில் ஷூவைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். வெள்ளைத் தாளைச் சுவர் ஓரமாகப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி குழந்தையை நிற்க வைத்தார். உட்கார வைத்து அளப்பதில்லை. நிற்கும்போது உடம்பின் பாரம் இறங்கிக் கால் நீளும், அகலும். நீண்ட விரலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளந்தார். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார். வலது காலைவிட இடது கால் 3 மி.மீ. நீளம்! "பெரிய காலுக்குத்தான் ஷூ பார்க்கணும் முதலாளி. சாயங்காலம் அளக்கிறதுதான் சரி. நாள் முழுக்க நடந்தா கால் கொஞ்சம் வீங்கும்" என்றார். பாதத்தின் அகலமான இடத்தையும் டேப்பால் சுற்றி அளந்தார்.

நம்பர் என்பது பார்லி கணக்கு

பிறகு அவர் சொன்னது மளிகைக்காரர்களாகிய நமக்குச் சுவையான செய்தி. நாம் சாதாரணமாகச் சொல்லும் ஷூ நம்பர் இங்கிலாந்துக் கணக்கு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பார்லி மணியின் நீளம்! மூன்று பார்லி மணி ஒரு அங்குலம். நமது முன்னோர் எட்டு நெல் ஒரு விரல் என்று கணக்கு வைத்தது போலத்தான் இதுவும். ஆக ஒரு நம்பர் என்பது ஏறக்குறைய 8.5 மி.மீ. இரண்டு நம்பர் பெரிதாக வாங்கிய நான் 17 மி.மீ. வெற்றிடத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

ஐரோப்பியக் கணக்கு வேறு. அதில் ஒரு நம்பருக்கு 6.67 மி.மீ.தான். அமெரிக்கக் கணக்கு மற்றொரு விதம். ஸ்கேட்டிங் ஷூக்கள் பல நாடுகளிலிருந்து வருவதால், பெட்டியில் உள்ள நம்பரை நம்பி வாங்கவே கூடாது. மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இன்னொன்று, நம்மவர்களின் பாதம் அகலமானது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. பிற நாட்டு அளவுகள் நமக்குச் சரியாகப் பொருந்தவில்லை, நமது பாதம் அகலம் கூடியது என்று கண்டு, இந்தியாவுக்கென்றே தனி அளவு முறையைப் பரிந்துரைத்தது. ஆகவே நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் நெருக்கினால், நம்பரைக் கூட்டாமல் அகலம் கூடிய வேறு தயாரிப்பைப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்க்கும் முறை

ஸ்கேட்டிங் ஷூ நடக்கும் ஷூவைப் போல் அல்ல. உள்ளே கால் துளியும் நகரக்கூடாது. கடையிலேயே பார்க்க வேண்டியவை:

1. பயிற்சியின்போது போடும் அதே மெல்லிய சாக்ஸுடன் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சாக்ஸ் வேண்டியிருந்தால் அந்த ஷூ பெரிது.

2. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், மடங்கக்கூடாது. முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் சற்றுப் பின்னுக்கு வர வேண்டும்.

3. குதிகால் மேலே எழும்பக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம் இதுவே.

4. கணுக்காலில் லேஸ் இறுக்கமாகவும் விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும் இருக்க வேண்டும். கட்டிய பின் கணுக்கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்தால் அந்த ஷூ வேண்டாம்.

5. பத்து, பதினைந்து நிமிடம் போட்டபடியே இருக்கச் சொல்லிக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சிவந்திருந்தால் அந்த இடம் உரசுகிறது என்று பொருள்.

வளரும் பிள்ளைக்கு என்ன செய்வது? அதற்கென்றே நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் ஷூக்கள் உள்ளன. பொத்தானை அழுத்தி இழுத்தால் மூன்று, நான்கு நம்பர் வரை நீளும். பெரிய ஷூவில் பஞ்சு அடைப்பதைவிட இது நல்லது, சிக்கனமும்கூட.

சக்கரத்தில் கவனிக்க வேண்டியவை

புதிதாகப் பழகுபவர்களுக்கு 76 முதல் 84 மி.மீ. வரையுள்ள சக்கரம் போதும். 100, 110 மி.மீ. சக்கரங்கள் பந்தயத்துக்கு. கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் பந்தய ஷூக்களும் பழகும் பிள்ளைக்கு ஆகாது. சக்கரத்தின் மேல் 82ஏ, 85ஏ என்று போட்டிருப்பது அதன் கடினத்தன்மை. எண் கூடினால் கடினம் கூடும். வழவழப்பான தளத்துக்குக் கடினமானது, சொரசொரப்பான தளத்துக்கு மிருதுவானது. பேரிங்கில் ஏபெக் 5, 7, 9 என்று காட்டி விலை கூட்டுவார்கள். அது செய்நேர்த்தியைக் குறிக்கும் எண்ணே தவிர, வேகத்தைக் குறிப்பதல்ல.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் கடற்காற்றில் இரும்புக் கதவே துருப்பிடிக்கிறது, பேரிங் தப்புமா? உபயோகித்தபின் துடைத்து, காற்றுப் புகாத பையில் வைப்பது நல்லது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளைச் சக்கர ஷூவுடன் விடக்கூடாது. ஹெல்மெட்டும், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்களும் இல்லாமல் பயிற்சிக்கும் அனுப்ப வேண்டாம்.

பனிக்கட்டியில் ஓடும் பிளேடு

நமது உறுப்பினர்கள் பலருக்குப் பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் பேரப்பிள்ளைகள் பனிக்கட்டித் தளத்தில் ஆடுவது சகஜம். நம் நாட்டிலும் சிம்லாவில் 1920 முதல் இவ்விளையாட்டு நடந்து வருகிறது. அந்த பூட்சுக்கும் பொருத்தம் பார்க்கும் முறை மேலே சொன்னதுதான். சக்கரத்துக்குப் பதில் அடியில் பிளேடு இருக்கும்.

அந்த பிளேடு ஏறக்குறைய 4 மி.மீ. கனம். அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். அதனால் இரு ஓரமும் இரண்டு கத்தி முனைகள் ஆகின்றன. ஆடுபவர் ஒரு சமயத்தில் ஒரு முனையில்தான் சறுக்குவார். முன்னால் உள்ள பற்கள் குதிக்கவும் சுழலவும் உதவுபவை. இடறுகிறது என்று அவற்றைத் தேய்த்துவிடக்கூடாது. பூட்ஸ் அடியின் நீளத்துக்கு ஏற்ற பிளேடாக, கோணல் இல்லாமல் பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். புது பிளேடைப் பெரும்பாலும் சாணை பிடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். கத்திக்குப் பெயர்போன ஷெபீல்டு நகரத்தில்தான் இதற்கும் பேர்பெற்ற தொழிற்சாலைகள் உள்ளன. பயன்படுத்தியபின் ஈரம் போகத் துடைத்துத் துணி உறையில் வைக்க வேண்டும். நடப்பதற்கான பிளாஸ்டிக் உறையிலேயே விட்டுவிட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

பழகும் பிள்ளைக்குப் போட்டியாளர் பூட்ஸ் வாங்குவதும் தவறு. குதித்து இறங்குவதைத் தாங்கச் செய்த அதிக விறைப்பில் பிஞ்சுக் கணுக்கால் மடங்காது. மிக மலிவான பூட்ஸோ கணுக்காலில் துணி போல் மடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டும்.

விற்பவர் கடமை

2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில், நமது சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்று, இவ்விளையாட்டில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். இனி நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இதைக் கேட்பார்கள். ஃபேன்சி ஸ்டோர், விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களிடமும் விற்பனை கூடும். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கடையில் ஒரு ஸ்டூலும், ஒரு அளவுகோலும், சில வெள்ளைத் தாளும் வையுங்கள். குழந்தையை அழைத்து வராமல் ஷூ கேட்பவரிடம், "கூட்டிட்டு வாங்க, அளந்து தர்றேன்" என்று சொல்லுங்கள். அன்று ஒரு வியாபாரம் தள்ளிப்போகலாம். ஆனால் அந்தக் குடும்பம் உங்கள் கடையை விடாது. எனக்கு அன்று ஷூ விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பேத்தி விழுந்திருக்க மாட்டாள். கேட்காமல் வாங்கிய நானும் அவருக்குச் சமமான குற்றவாளிதான்.

பாய் பார்த்துச் சொன்ன ஷூவைப் போட்டதும் பேத்தி சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "தாத்தா, இது ஆடவே இல்ல" என்றாள். மறு வாரம் பயிற்சிக்குப் போனாள். இன்னும் பரிசு எதுவும் வாங்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவர் ஓரம் தாளைப் போட்டு அவள் காலை அளந்து, தேதி போட்டு, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன்.