எந்த மலையில் பனி அதிகம்?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டவேண்டும். நிசெக்கோவுக்குப் போகலாமா, ஹக்குபாவுக்குப் போகலாமா?” ஜப்பானின் இந்த இரண்டு பனிச்சறுக்குத் தளங்களின் நிலவரத்தைக் குளிர்காலந்தோறும் குறித்து வைப்பது என் பழக்கம் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது.

விளம்பரங்களைப் பார்த்தால் பதில் எளிது. ஹொக்கைடோ தீவில் உள்ள நிசெக்கோவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் பனி பொழிகிறது என்பார்கள். நகானோ மாநிலத்தின் ஹக்குபாவுக்கு 11 மீட்டர். அப்படியானால் நிசெக்கோதானே? அவசரப்படவேண்டாம். அந்த எண் குளிர்காலம் முழுவதும் விழுந்த பனியின் கூட்டுத்தொகை. நாம் தங்கப்போவதோ ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் தரையில் பனி இருக்குமா என்பதுதான் நமக்கு வேண்டிய பதில்.

முதலில் அங்கே ஏன் இவ்வளவு பனி என்று பார்ப்போம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று ஜப்பானை நோக்கி வீசுகிறது. வழியில் உள்ள ஜப்பான் கடல் அந்தக் காற்றைவிட வெப்பமானது. காற்று அங்கே ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலைகளில் மோதி மேலெழும்போது பனியாகக் கொட்டுகிறது. இரண்டு தளங்களும் இந்தக் காற்றையே நம்பியிருக்கின்றன. அது வலுப்பெற்று நிலையாக வீசுவது டிசம்பர் பிற்பாதியில்தான்; ஜனவரியில் உச்சத்தைத் தொடும். நம் பள்ளி விடுமுறையோ நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, எந்த மலை என்பதைவிட எந்த வாரம் என்பது முக்கியம். டிசம்பர் முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறு டிகிரி குறையும். ஹக்குபாவின் ஹப்போ ஒனே சரிவுகள் 760 மீட்டரில் தொடங்கி 1,831 மீட்டர் வரை செல்கின்றன. அடிவாரத்தில் மழை தூறும் நாளில் உச்சியில் நல்ல பனி விழலாம். நிசெக்கோவின் அன்னுபுரி மலை 1,308 மீட்டர்தான். ஆனால் அது வடக்கே, அதிகக் குளிர் உள்ள பகுதியில் இருக்கிறது. எனவே ஒரு தளத்தின் உச்சி அளவை இன்னொரு தளத்தின் அடிவார அளவோடு ஒப்பிடக்கூடாது. சறுக்கக் கற்பவர்களும் பனியில் விளையாடும் சிறுவர்களும் பெரும்பாலும் இருப்பது அடிவாரத்தில். குடும்பத்தோடு போகிறவர்கள் பார்க்கவேண்டியது அந்த எண்ணை.

பனி அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனி. மற்றொன்று, தரையில் படிந்துள்ள பனியின் ஆழம். நேற்று 30 சென்டிமீட்டர் விழுந்தால் ஆழமும் அவ்வளவு கூடிவிடாது. பனி தன் எடையாலேயே அமுங்கும். புதுப்பனி, தேர்ந்த சறுக்கு வீரர்களுக்கு விருந்து. முதல்முறை போகிறவர்களுக்குத் தரை தெரியாத அளவு ஆழம் இருந்தால் போதும்.

இந்த அறிக்கைகளைத் தளங்களே வெளியிடுகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பொருளியலாளர்கள் ஜோனதன் ஜின்மன், எரிக் ஸிட்ஸெவிட்ஸ் இருவரும் வட அமெரிக்கத் தளங்களின் அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். வாரநாள்களைவிட வார இறுதியில் 23 விழுக்காடு கூடுதலாகப் பனி பொழிந்ததாகத் தளங்கள் அறிவித்திருந்தன. வானத்துக்கு ஏது சனி, ஞாயிறு? சறுக்க வந்தவர்கள் கைப்பேசிச் செயலி வழியாக உண்மை நிலவரத்தை உடனுக்குடன் பதியத் தொடங்கியதும் அந்த மிகைப்படுத்தல் வெகுவாகக் குறைந்தது.

அதனால் நான் சரிபார்ப்பது ஜப்பானிய வானிலை ஆய்வகத்தின் பதிவுகளை. நிசெக்கோவுக்கு அருகிலுள்ள குச்சான் நகரிலும் ஹக்குபாவிலும் அதன் நிலையங்கள் பனி ஆழத்தை அளக்கின்றன. அவை மலைமேல் இல்லாததால் எண்கள் சிறியவைதான். ஆனால் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் எடுத்த அளவு. நீங்கள் போகும் தேதியில் கடந்த பத்து ஆண்டுகளில் எவ்வளவு பனி இருந்தது என்று எழுதிப் பாருங்கள். சராசரியைவிட, மோசமான ஆண்டில் எவ்வளவு இருந்தது என்பதைக் கவனியுங்கள். பயணச்சீட்டு வாங்குமுன் செய்யவேண்டிய ஒப்பீடு இது.

முன்னறிவிப்பு அதற்குப் பிறகுதான் உதவும். மூன்று நாள் வரை ஓரளவு நம்பலாம். ஒரு வாரத்துக்கு அப்பால், குளிர் கூடுமா குறையுமா என்ற போக்கு மட்டுமே தெரியும். இரண்டு வாரம் கழித்து 40 சென்டிமீட்டர் விழும் என்று செயலி காட்டினால் அதை வைத்து ஹோட்டலை மாற்றாதீர்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கணிப்புகள் இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சில கணிப்புகள் பனியை மழை நீராக மில்லிமீட்டரில் சொல்லும். ஒரு மில்லிமீட்டர் நீர் சுமார் ஒரு சென்டிமீட்டர் பனி. நிசெக்கோ போன்ற குளிர்ந்த இடத்தில் அது ஒன்றரை சென்டிமீட்டரையும் தாண்டும்.

பனி கூடினால் எல்லாம் நன்மை என்றும் இல்லை. கடும்பனியில் ஹொக்கைடோவின் நியூ சிட்டோசே விமான நிலையத்தில் விமானங்கள் ரத்தாவதுண்டு. திரும்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே மலையிலிருந்து இறங்கிவிடுவது நல்லது.

டிசம்பர் தொடக்கத்தில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கு நான் சொல்வது: மலையில் ஐந்து நாளுக்கும் பணம் கட்டாதீர்கள். பயணத்தில் பாதி நாள்களை ஊர் சுற்ற வைத்துக்கொண்டு, ரத்து செய்யக்கூடிய அறையை மலையில் பதிவு செய்யுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தோக்கியோவில் தங்கி, முன்னறிவிப்பைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுத்து, ஷின்கான்சென் ரயிலில் கலா யுசாவாவுக்குப் போய்வரலாம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். ரயில் நிலையமே சறுக்குத் தளத்தில் இருக்கிறது. தளம் திறந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.