மேல்முறையீட்டில் நம் சொல்லின் எடை



பாலியல் வன்கொடுமை வழக்கில் விசாரணை நீதிமன்றம் தண்டனை வழங்கியதும் வென்றுவிட்டதாக எண்ணி நாம் கலைந்துவிடுகிறோம். வழக்கு அங்கே முடிவதில்லை. மேல்முறையீட்டில் பாதிக்கப்பட்ட பெண் பெரும்பாலும் மறுபடி கூண்டேறுவதில்லை. அவள் குரல் நடுங்கியதை அந்த நீதிபதிகள் கேட்பதில்லை. அவர்கள் முன் இருப்பவை முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், மருத்துவச் சான்று, குறுக்கு விசாரணைப் பதிவு ஆகியவைதான். அவை அனைத்தையும் புதிதாக எடைபோட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அந்த எடை எப்படி மாறும்? 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமி வல்லுறவுக்கு ஆளானாள். அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. பயந்து பணிவது சம்மதமாகாது என்று உயர் நீதிமன்றம் தண்டித்தது. உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. சாட்சியம் ஒன்றுதான், எடைக்கல்தான் வேறு. 1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய திறந்த மடலும் பெண்களின் போராட்டமும் 1983இல் சட்டத்தைத் திருத்த வைத்தன. காவலில் நடக்கும் வல்லுறவில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும் என்றானது.

1996இல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது. பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும். சிறு முரண்பாடுகளைக் காட்டி அதைத் தள்ளக் கூடாது. வாச்சாத்தியில் நாம் கண்டதும் இதையே. 1992 ஜூன் 20 அன்று தொடங்கிய கொடுமைக்கு 2011இல் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 17 பேர் வல்லுறவுக்காக. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று அந்த மலைவாழ் பெண்களின் சொல்லை நம்பி மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார்.

ஆனால் சாதிக்கு வேறு தராசு. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான ஆந்திர வல்லுறவு வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. சாதி, பாலினம், ஊனம் மூன்றும் சேர்ந்தே அவரை ஒடுக்கின என்றும் எழுதியது. ஆயினும் சாதியின் காரணமாகக் குற்றம் நடந்தது என்பதற்குத் தனிச் சாட்சியம் பதிவாகவில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனையை நீக்கியது. 2016 ஜனவரி 26 முதல் சட்டம் மாறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று அறிந்திருந்தாலே போதும். அவரையோ குடும்பத்தையோ குற்றவாளிக்கு நேரில் தெரிந்திருந்தால் அந்த அறிவை நீதிமன்றம் அனுமானிக்கும். அந்தக் குற்றம் 2011இல் நடந்தது என்பதால் பழைய வாசகமே பொருந்தியது.

ஆகவே பெண்ணோடு காவல் நிலையத்துக்குப் போகும் நமக்கு இரண்டு கடமைகள். அவனுக்கு அவள் குடும்பம் எப்படித் தெரியும், எந்தத் தெரு, அவன் என்ன சொல்லித் திட்டினான் என்பதெல்லாம் முதல் வாக்குமூலத்திலேயே ஏற வேண்டும். அதே நேரம் அவள் சொல்லாத எதையும் நாம் சேர்க்கக் கூடாது. கோபத்தில் நாம் கூட்டி எழுதும் ஒரு வரி, அவள் சொன்ன உண்மையையும் மேல்முறையீட்டில் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே, அன்றைக்கே பதிய வைப்போம்.