காருக்கும் தாகம் எடுக்கும்!

காருக்குத் தாகம் எடுக்குமா?

எடுக்கும்! பெட்ரோலும் டீசலும் கார் சாப்பிடும் சாப்பாடு. சாப்பாடு மட்டும் போட்டுவிட்டு, தண்ணீர் கொடுக்காமல் விட்டால் மனிதன் என்ன ஆவான்? காரும் அப்படித்தான்.

எரிபொருள் தவிர, காருக்குள் முக்கியமாக மூன்று திரவங்கள் ஓடுகின்றன. ஒன்று, என்ஜின் ஆயில். இரண்டு, என்ஜினின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட். மூன்று, பிரேக் ஆயில். இந்த மூன்றையும் கவனித்து வந்தால், கார் பல ஆண்டுகள் உழைக்கும். கவனிக்காவிட்டால் நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கும்!

எண்ணூரில் உருவான கார்

கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் வடசென்னைக்குப் புதியவை அல்ல.

1948-ம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் "அசோக் மோட்டார்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். 1949-ல் எண்ணூரில் "ஆஸ்டின் ஏ-40" என்ற கார்களைப் பாகம் பாகமாக இணைத்து வெளியே விட்டார்கள். அந்தக் கம்பெனிதான் 1955-ல் "அசோக் லேலண்ட்" ஆயிற்று.

அதே 1955-ல் "என்பீல்டு இந்தியா" கம்பெனி தோன்றியது. அதன் "புல்லட்" மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் உருவாயின. பக்கத்தில் உள்ள மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. பெட்ரோல், டீசலோடு, என்ஜின் ஆயில் தயாரிக்கத் தேவையான மூல எண்ணெயும் அங்கே கிடைக்கிறது.

ஆக, வண்டியும் இங்கே, எண்ணெயும் இங்கே!

நெருப்பும் நீரும்

என்ஜினுக்குள் எரிபொருள் எரியும்போது, அந்த நெருப்பின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். இரும்பே உருகும் சூடு அது! பிறகு என்ஜின் ஏன் உருகவில்லை?

என்ஜினைச் சுற்றிக் கூலண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது சூட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கத்தில் உள்ள ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறுகிறது. ஆறியதும் மறுபடி என்ஜினுக்குத் திரும்புகிறது. பழைய புல்லட் என்ஜின்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அவை காற்றிலேயே ஆறிவிடும். காருக்கு அது போதாது.

"அதற்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் போதாதா?" என்று கேட்பீர்கள்.

கூடாது! அதிலும் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாகக் குடியிருப்பவர்கள் ஊற்றவே கூடாது. இந்தப் பக்கத்தில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் வெகு தூரம் புகுந்துவிட்டது. கடல் நீரைக் குடிநீராக்க 2010-ல் அங்கே ஓர் ஆலையே வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடிய ஆலை அது.

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். உப்பு உலோகத்தையும் அரிக்கும். ஒரு நாள் என்ஜின் கொதித்து, "ஹெட் கேஸ்கெட்" போய்விடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரம் ரூபாய் செலவாகும்!

கூலண்டில் "எத்திலீன் கிளைக்கால்" என்ற ரசாயனமும், துருப் பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் இருக்கின்றன. நாளாக ஆக அந்த மருந்துகளின் சக்தி தீர்ந்துவிடும். அதனால்தான் பழையதை வெளியேற்றி, உள்ளே கழுவிவிட்டு, புதியதை ஊற்ற வேண்டும்.

கழுவுவது எப்படி?

வீட்டிலேயே செய்யலாம். பொறுமைதான் வேண்டும்.

1. இரவு முழுவதும் காரை ஆறவிடுங்கள். காலையில் வேலையைத் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிக்கும் நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கண்ணே போய்விடும்! குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

2. ரேடியேட்டரின் அடியில் ஓர் அகலமான தொட்டியை வையுங்கள். மேல் மூடியைத் திறந்து, கீழே உள்ள திருகைக் கழற்றுங்கள். பழைய கூலண்ட் முழுவதும் தொட்டியில் விழட்டும்.

3. கீழ்த் திருகை மூடிவிட்டு, சுத்தமான வாலை வடிநீரை ஊற்றுங்கள். கடையில் "பேட்டரி தண்ணீர்" என்று கேட்டால் கொடுப்பார்கள். (பேட்டரி ஆசிட் அல்ல! இரண்டும் வேறு வேறு.)

4. மூடியை மூடி என்ஜினை ஓடவிடுங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதையும் முழுச் சூட்டில் வையுங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியதும் என்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு தண்ணீரைத் திறந்து விடுங்கள்.

5. வருகிற தண்ணீர் தெளிவாகும் வரை, இதே மாதிரி இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

6. இப்போது புதிய கூலண்டை ஊற்றலாம். என்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். ஆகவே, தண்ணீர் கலக்காத கூலண்டை முதலில் ஊற்றுங்கள். பாதி கூலண்ட், பாதி தண்ணீர் என்று உங்கள் கார்ப் புத்தகம் சொல்கிறதா? காரின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், 3 லிட்டர் கூலண்டை ஊற்றிவிட்டு, மீதியை வாலை வடிநீரால் நிரப்புங்கள்.

7. மூடியை மூடிச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருந்த காற்று வெளியேறியதும் அளவு குறையும். மறுநாள் காலையில், ஆறிய என்ஜினில், டப்பாவில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறங்களில் விற்கிறது. "என் காரில் பச்சைதான் இருந்தது. பச்சையே கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறு. நிறம் வெறும் சாயம்தான். உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றோடு ஒன்று கலந்தால், காக்கும் சக்தி குறையும். சில சமயம் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். காரோடு கொடுத்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதையே வாங்குங்கள்.

ஆயில் டப்பாவில் உள்ள எண்கள்

என்ஜின் ஆயில் டப்பாவில் "5டபிள்யூ-30" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

"டபிள்யூ" என்றால் குளிர்காலம். முதல் எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். இரண்டாவது எண், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும். எண் பெரிதானால் கெட்டியும் அதிகம்.

"சென்னையில் வெயில் அதிகம். கெட்டியான ஆயிலாக ஊற்று" என்று சிலர் யோசனை சொல்வார்கள். புத்தகம் சொல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் காலத்து என்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் மிக நுண்ணியவை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால், கூலண்ட் அதில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உயிர் காக்கும் ஆயில்

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

"டாட் 3" என்ற புதிய பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே அதன் எல்லை. "டாட் 4" என்பதற்கு 230, 155. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது! ஆகவே புத்தகம் சொல்லும் கெடுவில் மாற்றிவிடுங்கள். பல கார்களுக்கு 2 ஆண்டு. அளவு குறைந்தால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம், ஒழுகவும் செய்யலாம். ஊற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இதை மாற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கால்வாயில் ஊற்றாதீர்கள்!

வேலை முடிந்தது. தொட்டியில் பழைய ஆயிலும் கூலண்டும் இருக்கின்றன. என்ன செய்வது?

தெருச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எங்கே போகும்? மழைநீர்க் கால்வாய் வழியே கடைசியில் கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் போகும்.

2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கரும் எண்ணெயை ஆட்கள் வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களின் படகிலும் வலையிலும் எண்ணெய் அப்பிக்கொண்டது. அவர்களுடைய பிழைப்பு கெட்டது.

அவை பெரிய விபத்துகள். ஆனால் ஒரு காரில் ஒரு முறை மாற்றும் ஆயிலே 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது!

கூலண்ட் இனிக்கும். ஆனால் அது விஷம். குழந்தையோ நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பழைய ஆயிலை ஒரு டப்பாவிலும், கூலண்டை வேறு டப்பாவிலும் ஊற்றி மூடி, மேலே பெயர் எழுதி, அவற்றை வாங்கிக்கொள்ளும் மோட்டார் பட்டறையில் கொடுங்கள். பழைய ஆயிலைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் ஆயில் கம்பெனிகளே என்று 2024 ஏப்ரல் முதல் சட்டமும் சொல்கிறது.

வீட்டுக் கார் நன்றாக ஓட வேண்டும். எண்ணூர் மீனவரின் வலையில் மீனும் விழ வேண்டும். இரண்டும் நம் கையில்தான் இருக்கிறது.