120 குழாய்க்கு இரண்டே வட்டம்

சிவகாசிக் கடைகளில் வானவெடிப் பெட்டியை எண்ணிக்கை சொல்லித்தான் கேட்பார்கள்: 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட். உள்ளே அட்டைக் குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் திரி ஓடும். கேட் (CAD) எனும் கணினி வடிவமைப்பு மென்பொருள் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

புதிதாகக் கற்பவர் ஒரே ஸ்கெட்ச்சில், அதாவது ஒரே தட்டைப் படத்தில், 120 வட்டங்களையும் போட்டுவிடுவார். படம் வந்துவிடும். ஆனால் எதை மாற்றினாலும் அத்தனை வட்டங்களின் இடைவெளியையும் தொடுநிலையையும் மென்பொருள் மறுபடி கணக்கிட வேண்டும். கணினி திணறும். அப்படிப்பட்ட ஸ்கெட்ச்சைச் சரிசெய்வதைவிட அழித்துவிட்டுத் தொடங்குவதே வேகம் என்பேன்.

இரண்டே வட்டங்கள் போதும், ஒரே மையத்தில். இடையிலுள்ள வளையத்தை எக்ஸ்ட்ரூட் செய்தால், அதாவது மேலே இழுத்து உயரம் கொடுத்தால், குழாய். அதே ஸ்கெட்ச்சின் உள்வட்டத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் அடியிலிருக்கும் களிமண் அடைப்பு. அதற்கென இன்னொரு ஸ்கெட்ச் வேண்டாம். பிறகு பேட்டர்ன், அதாவது குழாயை வரிசைகளாகப் பெருக்குவது: இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 12. இடைவெளிக்கு எண்ணைத் தட்டாமல் குழாயின் வெளிவிட்டத்தையே காட்ட வேண்டும். பெட்டியின் உள்நீளமும் அந்த விட்டத்தின் 12 மடங்கு என்று சமன்பாடாக இருக்கட்டும். விட்டத்தைக் கூட்டினால் வரிசை விரியும், பெட்டியும் வளரும். 12ஐ 6 ஆக்கினால் 60 ஷாட் தயார்.

இந்த எண்ணம் பழையது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளில், மூலப்படத்தைத் திருத்தினால் அதன் நகல்கள் எல்லாம் மாறின. அளவுகளையும் ஃபீச்சர்களையும் கோத்து மாடல் செய்யும் முறையைத் தொழிற்கூடங்களுக்குப் பரவலாகக் கொண்டுபோனது 1988இல் வந்த புரோ/இன்ஜினியர் மென்பொருள்.

தீப்பெட்டித் தொழிலில் தீக்குச்சி அடுக்கும் சட்டத்துக்கும், ஒன்றை வரைந்து பெருக்கும் இதே வழிதான். ஒரு பள்ளத்தைப் பெருக்கினால் ஒரு கட்டை, கட்டையைப் பெருக்கினால் சட்டம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எல்லாம் முதல் ஸ்கெட்ச்சையே நம்பியிருப்பதால் அது ஆட்டம் காணக் கூடாது. அளவு விடுபட்ட கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்த ஸ்கெட்ச்சை மழுங்கடித்த விளிம்புகளோடு பிணைக்காமல், அசையாத அடித்தளங்களோடு பிணையுங்கள். விளிம்பு மழுக்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பற்றவைக்கும் திரி நுழையும் துளையையும் பேட்டர்னுக்குப் பிறகே முதல் குழாயில் போட வேண்டும். முன்னதாகப் போட்டுவிட்டு அந்தக் குழாயை அப்படியே பெருக்கினால் 120 குழாயிலும் துளை விழும்.