வெளியூர் ரசிகரின் கடைசி ஒரு மைல்

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி இருக்கிறது சவுத் பெர்மண்ட்சி. மற்ற நாட்களில் யாரும் கவனிக்காத சின்ன நிலையம். மில்வால் அணி தன் சொந்த மைதானமான 'தி டென்'னில் ஆடும் நாளில் மட்டும் அங்கே இறங்கும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. உள்ளூர்க்காரர்கள் தெருவழியாகப் போகிறார்கள். எதிரணியின் ரசிகர்களுக்கு நிலையத்திலிருந்து மைதானத்தின் வடக்குக் கேலரிவரை தனி நடைபாதை உண்டு. ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை வெளியூர்க்காரர்களை நிறுத்திவைத்து, பிறகு அதே பாதையில் நடத்திக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிடுவார்கள்.

மில்வால், 1885-ல் ஒரு ஜாம் தொழிற்சாலையின் ஊழியர்கள் தொடங்கி, தேம்ஸ் துறைமுகத் தொழிலாளர்கள் வளர்த்த அணி. நாடு முழுக்கத் தங்களை வெறுத்தாலும் கவலையில்லை என்று சொல்லும் பாட்டுதான் அவர்கள் கேலரியின் பாட்டு. அணியின் பெயரில் முதல் அசையை மட்டும் இழுத்து இழுத்து ஆயிரக்கணக்கானோர் உறுமும்போது, முதன்முறை போகும் வெளியூர் ரசிகருக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அந்த உறுமல் யாரையும் காயப்படுத்தியதில்லை. கேலரிக்குள் நுழைந்த வெளியூர்க்காரர் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறார். நடுவே காலி இருக்கைகள், ஸ்டீவர்ட்கள் எனப்படும் மைதானக் காவல் ஊழியர்களின் வரிசை, கேமராக்கள். கூடவே அவருடைய ஊரிலிருந்து வந்த போலீஸ்காரர்களும் இருப்பார்கள். இங்கிலாந்தில் பெரிய ஆட்டங்களுக்கு வெளியூர் அணியின் ஊர்ப் போலீசே தன் ஆட்களை அனுப்பிவைக்கும். தங்கள் ரசிகர்களில் யார் முரடர், யார் குடும்பத்தோடு வந்தவர் என்று முகம் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

ஆபத்து இருப்பது கேலரிக்கு வெளியே: ரயில் நிலையத்துக்கும் நுழைவாயிலுக்கும் இடைப்பட்ட தூரத்தில், கடைசி விசிலுக்குப் பிந்தைய அரைமணி நேரத்தில், ஆட்டத்துக்கு முந்தைய இரவில். அந்த நடைபாதையைப் போட்டவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

2000-ம் ஆண்டு ஏப்ரலில் லீட்ஸ் யுனைடெட் ரசிகர்கள் இஸ்தான்புல் போனார்கள். கலாட்டாசராய் அணியுடன் யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதி. அந்த அணியின் அலி சாமி யென் மைதானம் ஐரோப்பா முழுக்கப் பேர்போனது. 1993-ல் மான்செஸ்டர் யுனைடெட் போனபோது நரகத்துக்கு நல்வரவு என்று பதாகை பிடித்து வரவேற்றவர்கள் அந்த ரசிகர்கள். எல்லோரும் பயந்தது மைதானத்தை நினைத்து. ஆனால் இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் கத்திக்குத்தில் இறந்தது ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஏப்ரல் 5 மாலை, நகரின் நட்டநடுவே தக்சிம் சதுக்கத்தை ஒட்டிய பகுதியில். மறுநாள் ஆட்டம் நடந்தது. கலாட்டாசராய் 2-0 என்று வென்றது. ஆட்டத்தை நடத்தியே இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

ரோம் நகரிலும் இதே கதைதான். ஒலிம்பிகோ மைதானத்துக்குப் போகும் வழியில் டைபர் ஆற்றின்மேல் துக்கா தாவோஸ்தா என்று ஒரு பாலம். 2007-ல் ரோமா அணியுடன் ஆடப் போகும் முன், மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகம் தன் ரசிகர்களை எச்சரித்து ஒரு குறிப்பு அனுப்பியது: அந்தப் பாலத்தின் பக்கம் போகாதீர்கள், அங்கேதான் உள்ளூர் முரட்டுக் கும்பல் கூடும். ரோம் மேயருக்குக் கோபம், ஊரின் மானத்தை வாங்குகிறார்கள் என்று. குறிப்பு சொன்னபடியே ஊருக்குள் ரசிகர்கள் தாக்கப்பட்டார்கள். மைதானத்துக்குள்ளோ, இத்தாலியப் போலீசின் தடியடியில் பலர் காயமடைந்தார்கள்.

பல ஆண்டுகளாக அணியோடு ஊர் ஊராகப் போகும் ரசிகர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். மைதானத்துக்குள் தொண்டை கிழியக் கத்தும் அதே ஆள், போகும் வழியில் இருக்கும் இடம் தெரியாமல் நடப்பார். ஜெர்சியின்மேல் சாதாரணக் கோட்டு. ஸ்கார்ஃப் கழுத்தில் இருக்காது, பைக்குள் இருக்கும். இதைக் கோழைத்தனம் என்று நினைக்கும் இளைஞர்கள் உண்டு. அப்படி நினைக்கத் தேவையில்லை. நிறத்தைக் காட்ட வேண்டிய இடம் கேலரி.

இங்கிலாந்தின் பழைய ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொறி உண்டு. தெருவில் ஒருவர் எதிரே வந்து, மணி என்ன என்று கேட்பார். பதில் சொன்னால் போதும், பேச்சு ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். கோவைக்காரர் வாயைத் திறந்ததும் மதுரையில் கண்டுபிடித்துவிடுவதைப் போல, லிவர்பூல்காரரையும் நியூகாசில்காரரையும் நான்கு சொற்களில் அடையாளம் காண்பார்கள். எண்பதுகளில் இப்படி அடி வாங்கியவர்கள் ஏராளம். கைபேசிக் காலத்தில் யாரும் மணி கேட்பதில்லை என்றாலும், வழி கேட்கலாம், சிகரெட்டுக்கு நெருப்பு கேட்கலாம். தலையசைத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போவதே நல்லது.

அடுத்தது பப். ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள பல பப்களின் வாசலில் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். வெளியூர் டிக்கெட்டைக் காட்டினால்தான் உள்ளே விடும் பப்களும் உண்டு. எது எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். டென் மைதானத்துக்குப் போகும் அனுபவசாலிகள் பெர்மண்ட்சித் தெருக்களில் அலைவதில்லை. லண்டன் பிரிட்ஜ் பக்கம் சாப்பிட்டுக் குடித்துவிட்டு, ரயிலேறி, நேராக அந்த நடைபாதையில் இறங்குகிறார்கள். இன்னொன்று: 1985-ன் சட்டப்படி ஆட்டத்துக்குப் போகும் வாடகைப் பேருந்தில் மது இருந்தாலே குற்றம். மைதானத்துக்குள் பட்டாசு, புகைக்குண்டு கொண்டுபோவதும் குற்றம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நாணயம் வந்து விழுந்தால் திருப்பி எறியத் தோன்றும். எறிந்தவர் பெயரும் போலீஸ் ஏட்டில் ஏறும். நீதிமன்றம் மைதானத் தடை விதித்தால் குறைந்தது மூன்று ஆண்டு. சில வழக்குகளில் பத்தாண்டுவரை போகலாம். தடை பெற்றவரின் அணி வெளிநாட்டில் ஆடும் நாட்களில் பாஸ்போர்ட்டையே ஒப்படைக்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்து போகும் மாணவர்கள் அறியாமல் சிக்கிக்கொள்வது டிக்கெட் விஷயத்தில். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு அதிகபட்சம் மூவாயிரம் இடம், சிறிய மைதானமென்றால் பத்தில் ஒரு பங்கு. 2016 முதல் அந்த டிக்கெட்டின் விலை 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருப்பதால் போட்டி கடுமை. பெரும்பாலும் நீண்டகால உறுப்பினர்களுக்கே கிடைக்கும். கிடைக்காதவர் என்ன செய்கிறார்? எங்கோ மறுவிற்பனையில் உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் ஓர் இருக்கை வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். தன் அணி கோல் போட்டதும் தன்னையறியாமல் துள்ளி எழுகிறார். சுற்றிலும் ஆயிரம் முகங்கள் திரும்பும் அந்த நொடிதான் மைதானத்துக்குள் இருக்கும் மிக ஆபத்தான நொடி. ஸ்டீவர்ட் வந்து வெளியேற்றினால் அது அதிர்ஷ்டம். அனுமதியில்லாத மறுவிற்பனையே அங்கே சட்டவிரோதம் என்பதால் பணமும் திரும்பாது. வெளியூர்ப் பகுதியில் இடம் கிடைக்கவில்லை என்றால் டிவியில் பாருங்கள் என்றுதான் என் தம்பிமாருக்குச் சொல்வேன்.

தோல் நிறம் வேறானவருக்கு எதிரணி மைதானத்தில் ஆபத்துக்கு இன்னொரு அடுக்கு உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல இங்கிலாந்து மைதானங்களின் வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தன் பத்திரிகையை விற்றது. கோட்டை மாட்டி ஜெர்சியை மறைக்கலாம், முகத்தை மறைக்க முடியாது. லண்டனில் ஈழத்தமிழர் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஈஸ்ட் ஹாமிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் 2016 வரை வெஸ்ட் ஹாம் அணியின் அப்டன் பார்க் மைதானம் இருந்தது. மில்வாலின் பரம எதிரி அந்த அணி. 2009 ஆகஸ்டில் இரண்டும் மோதிய இரவில் மைதானத்துக்கு வெளியே கலவரம் வெடித்து ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அந்த வட்டாரத்தில் குடியிருந்த தெற்காசியர்களுக்கு ஆட்ட நாள் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. வுல்வர்ஹாம்ப்டனில் பஞ்சாபி வுல்வ்ஸ், டெர்பியில் பஞ்சாபி ராம்ஸ் என்று தெற்காசிய ரசிகர்கள் குழுவாகச் சேர்ந்து மேளத்தோடு கேலரிக்குப் போகிறார்கள். தனியாகப் போகத் தயங்குபவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. சட்டமும் பின்னால் வந்து சேர்ந்தது. இனவெறிக் கோஷத்தை 1991-ன் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் கூட்டாகக் கோஷம் போட்டால்தான் குற்றம் என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. 1999-ல் அதை அடைத்து, ஒருவர் தனியாகக் கத்தினாலும் குற்றம் என்று திருத்தினார்கள். அப்படி நேர்ந்தால் திருப்பிக் கத்தாமல், இருக்கை எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஸ்டீவர்டிடமும் இனவெறியை எதிர்க்கும் 'கிக் இட் அவுட்' அமைப்பிடமும் புகார் கொடுங்கள். ரயிலில் நடந்தால் ரயில்வே போலீசுக்கு 61016 என்ற எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பலாம். இந்தப் புகார்கள் கிணற்றில் போட்ட கல்லாகிவிடுவதும் உண்டு என்பதை அறிவேன். அதற்காகக் கொடுக்காமல் இருக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிகர் தன் கையால் செய்துகொள்ளும் காவல். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்பந்து மைதானங்களில் ரசிகர்களை அதிகம் கொன்றது எதிரணி ரசிகரின் கத்தியில்லை. ரசிகர் என்றாலே கலகக்காரர் என்று முடிவுகட்டிச் செய்யப்பட்ட ஏற்பாடுகள்தான் கொன்றன.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். வெளியூரில் நடந்த ஆட்டத்துக்கு வந்த லிவர்பூல் ரசிகர்கள். மைதானத்துக்குள் யாரும் ஓடிவரக் கூடாது என்று கேலரியைச் சுற்றி எழுப்பிய இரும்பு வேலி. போலீஸ் ஒரு வாயிலைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளுக்குள் கூட்டத்தைப் பாயவிட்டபோது அந்த வேலியில் நசுங்கி மாண்டவர்கள் 97 பேர். பழியை ரசிகர்கள்மேல் போட்டார்கள். அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், தவறு ரசிகர்களுடையது அல்ல என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆனது. இருபத்தேழு ஆண்டுகள்!

அந்த நினைவைச் சுமந்த ஊர்க்காரர்கள்தான் 2022 மே 28 அன்று பாரிஸின் ஸ்தாத் த ஃபிரான்ஸ் மைதானத்துக்கு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் பார்க்கப் போனார்கள். குறுகலான வழி ஒன்றுக்குள் கூட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். மூடிய வாயில்களின் முன்னால் காத்திருந்தவர்கள்மேல், குழந்தைகள் இருந்தும், கண்ணீர்ப்புகை அடித்தார்கள். முதலில் வந்த அறிவிப்பு, ரசிகர்கள் தாமதமாக வந்தார்கள் என்பது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயேச்சை விசாரணை அறிக்கை முதன்மைப் பொறுப்பை, போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ-மேல் சுமத்தியது. லிவர்பூல் ரசிகர்கள் நிதானமாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் உயிர்ச்சேதம் தவிர்ந்திருக்கக்கூடும் என்ற கருத்தும் அதில் உண்டு. நெரிசலில் நிற்பது எப்படி என்று தெரிந்த கூட்டம் அது. கைகளை மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்வது, பின்னோக்கித் தள்ளாமல் இருப்பது, கீழே எதையும் எடுக்கக் குனியாமல் இருப்பது, தளர்வு கிடைக்கும்போது குறுக்காக நகர்ந்து ஓரத்துக்கு வருவது, குழந்தையைத் தோளுக்கு ஏற்றுவது. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள், கோயில் திருவிழாவிலும் உதவும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வெளியூர் ரசிகர்களை உள்ளே விடாவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1985 மார்ச்சில் மில்வால் ரசிகர்கள் லூட்டன் நகர மைதானத்தில் இருக்கைகளைப் பிடுங்கி வீசிப் பெருங்கலவரம் செய்தார்கள். அதன்பின் லூட்டன் அணி 1986-லிருந்து நான்கு சீசன்களுக்கு வெளியூர் ரசிகர்களை அனுமதிக்கவில்லை. அடிபட்ட ஊரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அர்ஜென்டினா சாட்சி. 2013-ல் லனூஸ் அணியின் ரசிகர் ஒருவர் லா பிளாட்டா நகரில் சுடப்பட்டு இறந்தபின், லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை வந்து பத்தாண்டுக்கும் மேல் நீடித்தது. 2018-ல் ரிவர் பிளேட், போக்கா ஜூனியர்ஸ் அணிகள் மோதிய கோப்பா லிபர்டடோரஸ் இறுதியிலும் எதிரணி ரசிகர்களுக்கு இடமில்லை. ஆனாலும் போக்கா வீரர்களின் பேருந்தையே கல்லால் அடித்தார்கள். கடைசியில் அந்த ஆட்டம் கடல் கடந்து மாட்ரிட் நகரில் நடந்தது. இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 2022 அக்டோபர் 1 அன்றும் வெளியூர் அணியான பெர்செபயாவின் ரசிகர்களை உள்ளே விடவில்லை. உள்ளூர் ரசிகர்கள் மட்டுமே இருந்த கேலரியை நோக்கிப் போலீஸ் கண்ணீர்ப்புகை சுட, வாசல்களில் நசுங்கி 135 பேர் இறந்தார்கள்.

ஐரோப்பியக் கவுன்சில் 2016-ல் செய்துகொண்ட செயின்ட் டெனிஸ் உடன்படிக்கை, மைதானத்தில் காவலையும் பாதுகாப்பையும் உபசரிப்பையும் ஒரே வேலையாகப் பார்க்கச் சொல்கிறது. அதில் உபசரிப்பைச் சேர்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியூர்க்காரருக்கும் கழிப்பறை வேண்டும், தண்ணீர் வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கப்போகிறீர்கள் என்று அவர் மொழியில் சொல்ல வேண்டும், கடைசி ரயிலைப் பிடிக்க வழிசெய்ய வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் ஒவ்வொரு அணியும் ரசிகர் தொடர்பு அதிகாரி ஒருவரை வைத்தாக வேண்டும் என்பது 2012-13 சீசன் முதல் விதி. பெரும்பாலான ரசிகர்கள் அப்படி ஒருவர் இருப்பதையே அறிவதில்லை. பயணத்துக்கு முன் அவருக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த நிலையத்தில் இறங்குவது, எந்த வாயில், எந்தத் தெருவைத் தவிர்ப்பது, ஆட்டம் முடிந்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால், ஆட்டம் முடிந்த மறுநாள் அதையும் எழுத்தில் புகாராகக் கொடுங்கள்.