230 கிலோ… ஆறு மாதக் கெடு… அப்பா கேட்ட ஒரே வரம்! - அட்னான் சாமி எடை குறைத்த கதை

‘பாய்ஸ்’, ‘ஆய்த எழுத்து’ பாடல்களில் கேட்ட அந்த இழையும் குரல் நினைவிருக்கிறதா? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அட்னான் சாமி. 2000-களின் தொடக்கத்தில் இந்தி இசை ஆல்பங்கள் மூலம் டி.வி-யில் அவர் வராத நாளே இல்லை. பியானோவுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அந்தப் பெரிய உருவம்தான் அவருடைய அடையாளம். பிறகு கொஞ்ச காலம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது பலருக்கு அவரை அடையாளமே தெரியவில்லை!

இடைப்பட்ட காலத்தில் நடந்தது, பலர் நினைத்ததுபோல ஆபரேஷன் இல்லை.

2005-ல் காலில் நிணநீர் தேங்கி வீங்கும் பிரச்னைக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு படுத்த படுக்கை. 2006-ல் அவருடைய எடை 230 கிலோ. மல்லாந்து படுத்தால் நுரையீரல் அழுந்தி மூச்சு முட்டும் என்பதால், உட்கார்ந்தபடியே தூங்க வேண்டிய நிலை. ‘இப்படியே போனால் ஆறு மாதம்தான்’ என்று டாக்டர் கெடு வைத்தார். அப்பா அர்ஷத் சாமி கானும் அப்போது உடன் இருந்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அன்று மாலை அட்னான் என்ன செய்தார் தெரியுமா? நேராக ஒரு பேக்கரிக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டார். இதைப் பின்னாளில் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், பயம் வந்தால் சாப்பிடுவது, கோபம் வந்தால் சாப்பிடுவது, தனிமையில் சாப்பிடுவது என்று பழகியவர்களுக்கு அந்த பேக்கரி வாசல் நன்றாகவே தெரிந்த இடம்தான்.

அன்றுதான் அப்பா உடைந்துபோனார். ‘உன்னோடு எல்லாக் கஷ்டங்களையும் பார்த்துவிட்டேன். உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. என்னை நீதான் அடக்கம் செய்ய வேண்டும். உன்னை நான் அடக்கம் செய்யும்படி வைத்துவிடாதே’ என்ற பொருளில் மகனிடம் கெஞ்சினார். டாக்டர் வைத்த கெடு செய்யாததை இந்த வேண்டுதல் செய்தது.

அட்னான் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே ஓர் ஊட்டச்சத்து நிபுணரின் கண்காணிப்பில் டயட் ஆரம்பமானது. அதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை ஆசை தீர ஒரு விருந்து! வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, ஸ்டேக், சீஸ் கேக் எனச் சாப்பிட்டு முடித்து, மறுநாளிலிருந்து சர்க்கரை, வெள்ளை அரிசி, பிரெட் எல்லாவற்றுக்கும் தடை. காலையில் சர்க்கரை இல்லாத டீ. பிறகு காய்கறி சாலட், மீன். இரவில் வேகவைத்த பருப்பு அல்லது சிக்கன். சோறும் கிடையாது, ரொட்டியும் கிடையாது. கொறிக்க, வெண்ணெய் போடாத பாப்கார்ன்.

உடற்பயிற்சி? ஆரம்பத்தில் அதுவும் இல்லை. அந்த எடையோடு ஓடினால் இதயமும் மூட்டும் தாங்காது. சுமார் 40 கிலோ குறைந்த பிறகுதான் டிரெட்மில்லில் ஏற அனுமதி கிடைத்தது. 16 மாதங்களில் 100 கிலோவுக்கும் மேல் இறங்கியது. உணர்ச்சிவசப்பட்டுச் சாப்பிடும் பழக்கம்தான் தன் முதல் பிரச்னை என்பதையும், எடைக் குறைப்பில் பெரும்பங்கு மனசுக்குத்தான் என்பதையும் அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த வேகத்தை வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது. அது உயிர் போகும் நிலையில் இருந்தவருக்கு, நிபுணர் பக்கத்தில் இருந்து செய்தது. சாதாரணமாக வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பானது என்கிறார்கள் மருத்துவர்கள்.

உண்மையில், குறைப்பதைவிடக் குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற ரியாலிட்டி ஷோவில் போட்டி போட்டு எடை குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அவர்களுடைய உடல், ஒரு நாளைக்கு எரிக்க வேண்டியதைவிட சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஆக, ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உடம்பும் பழைய எடைக்கே திரும்ப இழுக்கிறது.

சரி, காப்பாற்றியவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கும் அமெரிக்காவில் ஒரு பதிவேடு இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்கள்தான் இதில் சேரலாம். 10,000 பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் 78 சதவிகிதம் பேர் தினமும் காலை உணவைத் தவறவிடுவதில்லை. 75 சதவிகிதம் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். 90 சதவிகிதம் பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அதில் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தது வெறும் நடைப்பயிற்சி!

நம் வீட்டுக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையுடனோ, உடல் பருமனுடனோ இருக்கிறார்கள். சமையலறையில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் காபி டம்ளர். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாளைக்கு நான்கு காபி குடித்தால், அதிலேயே 32 கிராமுக்கு மேல் சர்க்கரை. நாள் முழுவதற்குமே 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அடுத்தது தட்டு. சோற்று மலைக்கு ஓரமாகப் பொரியல் வைக்கும் நம் வழக்கத்தை மாற்றி, பாதித் தட்டில் காய்கறி, பழங்களும் மீதியில் தானியம், பருப்பு, முட்டை போன்றவையும் இருக்கச் சொல்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குழந்தைகள் மிச்சம் வைத்த தோசையை ‘வீணாகிறதே’ என்று அம்மா வாயில் போட்டுக்கொள்வது எந்த டயட் சார்ட்டிலும் இருக்காது. ஆனால், கணக்கில் வரும்.

அட்னான் சாமி 2016-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 2020-ல் பத்மஸ்ரீ விருது. பழைய உருவத்துக்கு அவர் திரும்பவில்லை. அப்பா அர்ஷத் சாமி கான் கணையப் புற்றுநோயால் 2009-ல் காலமானார். கெடு முடிந்தும் மகன் உயிரோடு, ஆரோக்கியமாக, மேடையில் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார்.